சூடு பட்ட பலகை

கதவைத் தட்ட அந்தப் பெண்ணுக்குக் கை இல்லை. ஒரு கை தோளில் இருந்த சிறு மேஜையைப் பிடித்திருந்தது, இன்னொன்றில் துணிப்பை. ஆகவே காலால் உதைத்தாள்.

"அண்ணி, யாரோ சண்டைக்கு வந்திருக்காங்க!" என்று உள்ளேயிருந்து நாத்தனார் உற்சாகமாகக் கத்தினாள். காலை பத்து மணிக்கே ஒரு சண்டை கிடைத்தால் அவளுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

அண்ணி என்று உரிமையோடு கூப்பிடக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில் என்பதால் அவளுடைய குரல் பெரியது. அதைக் கேட்டுக் கேட்டுத் தெரு முழுக்க அவரை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. முப்பது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்டத்தை மதிப்பிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அண்ணி. எரிந்த கிடங்கு, நனைந்த மூட்டை, ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போன லாரி என்று ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் உட்கார்ந்து கேட்டவர். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசமாட்டார். அதுவே பாதிப் பேரை உளறவைத்துவிடும்.

வந்தவள் மேஜையைக் கூடத்தின் நடுவில் இறக்கி வைத்தாள். முழங்கால் உயரம், ஒரு சிறு கதவு, அதில் பித்தளைக் கைப்பிடி. கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் சாமான்.

"நான் கூட்டுப் பட்டறைல வேலை செய்யறேன். முக்காலின்னு கூப்பிடுவாங்க. உடைஞ்ச நாற்காலில செஞ்ச முக்காலிதான் நான் முதல்ல வித்தது. இடிக்கிற வீட்டு மரம், பழைய கட்டில் கால், கதவுன்னு வாங்கிச் சின்னச் சின்னச் சாமானா செய்வேன். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் திருடி இல்லன்னு காட்டணும். காட்டலன்னா பட்டறைச் சாவியைக் கொடுத்துட்டுப் போகணும்னு எங்க செயலாளர் சொல்லிட்டாரு."

"உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

உட்காராமலே சொன்னாள். வெளியூரில் ஆசிரியையாக இருக்கும் ஒரு அம்மாள் போன மாதம் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். அவருடைய தாயார் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தாயாரின் துணி அலமாரியைப் பிரித்து இரண்டு மேஜை செய்ய வேண்டும், ஒன்று தனக்கு, ஒன்று தம்பிக்கு. அலமாரியைக் கழற்றிக் கொண்டுவந்தது உள்ளூரிலேயே இருக்கும் தம்பி. பலகைகள் வேனில் வந்தன. கீல், கைப்பிடி எல்லாம் இந்தத் துணிப்பையில். மூன்று வாரத்தில் மேஜைகள் தயார். முந்தாநாள் ஆசிரியையம்மா வந்து பார்த்தார், தடவினார், கவிழ்த்தார், பிறகு பட்டறையே அதிரக் கத்தினார்.

"அவங்க சின்ன வயசுல இஸ்திரிப் பெட்டியால சூடு வச்ச பலகை ஒண்ணு அதுல இருந்துச்சாம். அதை மேல் பலகையாப் போடச் சொல்லித் தம்பிகிட்ட சொல்லியிருக்காங்க. தம்பி என்கிட்ட சொல்லவே இல்ல. 'இழைக்கிறப்போ அந்தக் கறுப்பு போயிருக்கும் அக்கா'ன்னாரு. நான் விடல. அப்படி ஒரு பலகை வரவே இல்லைன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. உடனே அவரு 'நானே கையால எடுத்து வச்சேனே'ன்னுட்டாரு. அப்புறம் என்ன? மரத்தை மாத்திட்டேன், நான் திருடி."

"எவ்வளவு பெறும்?" என்றாள் நாத்தனார்.

"பெறுறது இருக்கட்டுங்க. வீட்டுல ஒருத்தர் போய்ட்டா அவங்க படுத்த கட்டிலை, தொட்ட கதவை என்கிட்ட நம்பிக் கொடுக்கறாங்க. திருடின்னு பேர் வாங்கினவகிட்ட யார் கொடுப்பா? எனக்கு வேற வேலை தெரியாது. தெரிஞ்சாலும் செய்ய மாட்டேன்."

கடைசி வார்த்தையில் குரல் நடுங்கியது. ஆனால் கண் கலங்கவில்லை. அண்ணிக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. இருந்தாலும் பிடித்தவர்கள் திருடியதையும் அவர் நிறையப் பார்த்திருந்ததால் அதை வெளியில் காட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன மரம் இது?"

"பழைய தேக்கு. இழைச்சா வாசனையே சொல்லிடும்."

அண்ணி மேஜையின் கதவைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தார். வெளியே பளபளத்த பலகை உள்ளே கறுத்துக் கீறலோடு இருந்தது.

"இந்தப் பக்கத்தை ஏன் இழைக்கல?"

"என் வழக்கம் அது. ஒரு பக்கம்தான் இழைப்பேன். பழைய முகம் உள்பக்கம் அப்படியே இருக்கணும். இல்லன்னா கடைல புதுசு வாங்கிக்கலாமே?"

கதவின் நடுவில், மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த வட்டமான தழும்பு ஒன்று இருந்தது. அதற்கு மேலும் கீழுமாகப் பித்தளைக் கைப்பிடியின் இரண்டு திருகுகள், புதிய துளைகளில்.

"இது?"

முக்காலி முதல்முறையாகத் தயங்கினாள். "பழைய ஓட்டை இருந்தா அதுலதான் பூட்டுவேன், புதுசாத் துளை போட மாட்டேன். இந்தப் பிடிக்கு ரெண்டு திருகு. கதவுல நடுவுல ஒரே ஒரு ஓட்டைதான் இருந்துச்சு. ரெண்டு கதவுலயும் அப்படித்தான். எப்பவோ பிடியை மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சு அடைச்சுட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்பு அது ஒண்ணுதான்."

"பலகை வந்தன்னைக்கு வேன்ல யார் இருந்தா?"

"ஓட்டறவரும் தம்பியும். இறக்கி முடிக்கிற வரைக்கும் தம்பி பக்கத்துலயே நின்னாரு. பையை அவர் கையாலதான் கொடுத்தாரு. போன மாசம் பன்னெண்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை."

"அஞ்சு மணிக்குப் பட்டறைக்கு வரோம். மேஜை இங்கயே இருக்கட்டும்" என்றார் அண்ணி.

காரில் ஏறியதும் நாத்தனாருக்குத் தீர்ப்பு தயாராகிவிட்டது.

"வேன்காரன்தான் அண்ணி. வழியில நிறுத்தி மாத்திட்டான்."

"தம்பி கூடவே வந்திருக்காரே?"

"டீ குடிக்க இறங்கியிருப்பாரு. அப்போ மாத்தியிருப்பான்."

"ஒரு டீக்குள்ள ஒரு அலமாரியை இறக்கி இன்னொரு அலமாரியை ஏத்தினானா? அவனை உன் டிரைவிங் ஸ்கூல்ல சேத்துக்கலாம்."

நாத்தனார் அடுத்த திருப்பத்துக்குள் வேன்காரனை விட்டுவிட்டுப் பட்டறைச் செயலாளரைப் பிடித்துக்கொண்டாள். முக்காலி வேலை செய்யும் இடத்தின்மேல் அவருக்குக் கண் இருக்கலாமாம். அண்ணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆசிரியையம்மா வந்து தங்கியிருந்த தாயாரின் வீடு இரண்டு அறையும் ஒரு நீளமான சமையலறையும் கொண்டது. கதவைத் திறந்த ஆசிரியையம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். தம்பி அவருக்குப் பின்னால் நின்றார். நாற்பது தாண்டியவர், அக்கா முன்னால் மட்டும் பத்து வயது குறைந்துவிடுகிறவர்.

"அவ அனுப்பினாளா? வரட்டும். நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றார் ஆசிரியை.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு யாரும் சொல்லலம்மா. அந்தப் பலகையைப் பத்திச் சொல்லுங்க."

அவர் கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் தழுதழுத்துவிட்டது. "பன்னெண்டு வயசு எனக்கு. அம்மா வெளியே போயிருந்தாங்க. பாவாடையைத் தேய்க்கிறேன்னு சூட்டோட பெட்டியை அலமாரித் தட்டு மேல வச்சுட்டேன். புகை வந்துச்சு. அம்மா வந்து பாத்தாங்க, அடிக்கல. அப்பா கண்ணுல படக்கூடாதுன்னு அது மேல ஒரு துணியை மடிச்சு வச்சாங்க. கடைசி வரைக்கும் அந்தத் துணி அங்கயே இருந்துச்சு. அந்தப் பலகை எனக்கு வேணும். வேற எதுவும் வேணாம்."

"அலமாரி எங்க வாங்கினது?"

"வாங்கல. பின்னால ஒரு மாமரம் நின்னுச்சு. சமையலறையை நீட்டுறப்போ வெட்டினாங்க. அந்த மரத்துலயே அப்பா ஆளை வச்சு செஞ்சாரு. கைப்பிடி மட்டும்தான் கடையில வாங்கினது. பித்தளை. ஒருதடவைகூட மாத்தல. பண்டிகைக்கு முன்னாடி புளி போட்டுத் தேய்க்கிறது என் வேலை."

அண்ணி தலையை மட்டும் அசைத்தார். "வீடு ரெண்டு வருஷம் பூட்டியா இருந்துச்சு?"

"பூட்டி வச்சா வீடு கெட்டுடும்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு நான் போன் பண்ணாத வாரம் கிடையாது. திறந்து காத்தாட விட்டியான்னு கேப்பேன். இவன் வந்து திறந்து கூட்டிட்டுப் போவான்."

"ஆமாம்" என்றார் தம்பி.

"அலமாரியை எப்போ கழட்டினீங்க?"

"சனிக்கிழமை. பதினொண்ணாம் தேதி. அதுவரைக்கும் இதோ, இங்கயேதான் நின்னுச்சு." தம்பி காட்டிய மூலையில் தரை நான்கு இடத்தில் சதுரமாக நிறம் வெளிறியிருந்தது. அலமாரியின் கால்கள் நின்ற இடம். அதற்குப் பின்னால் சுவரின் அடியில் சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தது. தரையை ஒட்டி, அடிக்கு ஒன்றாக, வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்த புள்ளிகள் ஒரே வரிசையில் மூலையிலிருந்து மூலைவரை போயின.

"சுவர்ல ஈரம் ஏறுது. சரி பண்ணினேன்" என்று யாரும் கேட்காமலேயே தம்பி சொன்னார்.

"நல்ல காரியம்" என்றார் அண்ணி. வாசலுக்கு வரும்போது மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அதைத் திறப்பது முப்பது வருஷப் பழக்கம். தீப்பிடித்த வழக்குகளில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கும். பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தது. போன மாதம் மூன்றாம் தேதி என்று எழுதி, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்று குறித்து, ஒரு தொலைபேசி எண்ணும் போட்டிருந்தது.

"அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் பட்டறைக்கு வந்துடுங்க. உங்க மேஜையையும் கொண்டு வாங்க" என்று தம்பியிடம் சொன்னார்.

காரில் உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் பேசினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நாத்தனார் கியரைப் போடாமல் காத்திருந்தாள்.

"சொல்லுங்க அண்ணி. நல்ல மரத்தைத் தம்பி வித்துட்டாரா?"

"எது நல்ல மரம்? முக்காலி சொன்னதையும் டீச்சர் சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு."

நாத்தனார் யோசித்தாள். வழியெல்லாம் யோசித்தாள். சிவப்பு விளக்கு ஒன்று அவள் கண்ணிலேயே படவில்லை. "பிரேக்!" என்று அண்ணிதான் சொல்லவேண்டியிருந்தது.

ஐந்து மணிக்குப் பட்டறையில் ரம்பத்தை நிறுத்தியிருந்தார்கள். எட்டுத் தச்சர்கள் அவரவர் மேஜையில் வேலை செய்வதுபோல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு ஆணியைக்கூட அடிக்கவில்லை. காதில் பென்சிலைச் செருகியிருந்த செயலாளர் நடுவில் நின்றார். முக்காலி பட்டறைச் சாவியை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். கொடுக்கவேண்டி வந்தால் கேட்கவைக்காமல் கொடுத்துவிடவேண்டும் என்பது அவள் முடிவு. இரண்டு மேஜைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அண்ணி செயலாளரிடம் திரும்பினார். "இது என்ன மரம்?"

அவர் குனிந்து நகத்தால் கீறி மோந்து பார்த்தார். "தேக்கு. அதுவும் நல்ல வயசான தேக்கு."

"டீச்சரம்மா, உங்க அலமாரி?"

"மாமரம்னு சொன்னேனே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஐயா, இந்தப் பட்டறைல எந்தத் திருடியாவது மாமரத்தை எடுத்துக்கிட்டுத் தேக்கை வைப்பாளா?"

தச்சர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. செயலாளர் காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே வைத்தார்.

"மரம் மாறினது நிஜம். டீச்சர் சொன்னது அதுவரைக்கும் சரிதான்" என்றார் அண்ணி. "ஆனா மட்டத்தை எடுத்து உசத்தியை வச்சிருக்காங்க. லாபத்துக்காகச் செஞ்சதில்ல இது. எதையோ மறைக்கறதுக்காகச் செஞ்சது. அப்போ யாரு? இந்தக் கதவைப் பாருங்க. உங்க கைப்பிடியை ஒருதடவைகூட மாத்தலன்னீங்க. அப்படின்னா உங்க கதவுல ரெண்டு ஓட்டை இருந்திருக்கணும். இதுல நடுவுல ஒண்ணுதான் இருந்துச்சு. இவங்க பழைய முகத்தை இழைக்காம விட்டதால தழும்பு அப்படியே தெரியுது. இது வேற வீட்டுக் கதவு."

"கைப்பிடி எங்களோடதுதான். எனக்குத் தெரியும்" என்றார் ஆசிரியை. கோபம் குறைந்து குரலில் குழப்பம் வந்திருந்தது.

"அதுதான் விஷயம். உங்க அலமாரியோட பித்தளை மட்டும் வந்திருக்கு, மரம் வரல. அப்போ மாத்தினவங்க கைல உங்க அலமாரி இருந்திருக்கு. பித்தளையைக் கொடுக்க முடிஞ்சுது, மரத்தைக் கொடுக்க முடியல. ஏன் முடியல? என் வேலைல இதை நிறையப் பாத்திருக்கேன். மரம் போய்ப் பித்தளை மிஞ்சறதுன்னா ஒண்ணு தீ. தீன்னா பித்தளை கறுத்துக் கோணியிருக்கும். இது பளிச்சுன்னு இருக்கு. இன்னொண்ணு..."

"கரையான்!" என்றாள் நாத்தனார். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணியின் வாக்கியத்தை அவள் சரியாக முடித்திருந்தாள்.

"கரையான்தான். சுவர் அடியில இருக்கற புள்ளியெல்லாம் கரையான் மருந்து இறக்கத் துளைச்சது. மருந்து அடிச்சவர் மின்பெட்டியில சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்காரு, போன மாசம் மூணாம் தேதின்னு. அவர்கிட்டயே பேசினேன், கரையானுக்குத்தான் அடிச்சேன்னாரு. அலமாரி நின்ன இடத்துக்குப் பின்னாலயும் வரிசை விடாமத் துளைச்சிருக்கு. அலமாரி அங்க இருந்தா துளைக்க முடியாது. பதினொண்ணாம் தேதி வரைக்கும் அது அங்கயேதான் நின்னுச்சுன்னு சொன்னவர் ஒருத்தர்தான்."

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவர் அக்காவை மட்டும் பார்த்தார்.

"நான் திறக்கவே இல்ல அக்கா" என்றார்.

ஆசிரியை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் மாசம் போனேன். அம்மா இல்லாத வீட்டுக்குள்ள என்னால நிக்க முடியல. அப்புறம் போகல. நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேப்ப, திறந்துட்டேன்னு சொல்லிடுவேன். நீ அலமாரியைக் கேட்டதும் போய்ப் பாத்தேன். கதவைத் தொட்டேன், பிஸ்கட் மாதிரி கையோட வந்துடுச்சு. அந்தப் பலகையைத் தேடினேன் அக்கா. சத்தியமாத் தேடினேன். மண்ணுதான் இருந்துச்சு. துணியும் போச்சு."

"அப்போ இந்த மரம்?"

"இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற கடைல வாங்கினேன். இருக்கறதுலயே நல்லதாக் கொடுன்னு கேட்டேன். உனக்கு மட்டமானதைக் கொடுக்க மனசு வரல."

ஆசிரியையின் முகத்தில் கோபமும் அழுகையும் மாறி மாறி வந்தன. "ரெண்டு வருஷமாடா? நூறு தடவை கேட்டேனேடா. நூறு தடவையும் பொய்யா?"

"இழைச்சதுல போயிடுச்சுன்னு சொன்னா நீ நம்பிடுவேன்னு நினைச்சேன். இவங்க வரவே இல்லைன்னு சொல்லுவாங்கன்னு நினைக்கல. இவங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னு நான்..."

"என்னை நினைக்கவே இல்லீங்க நீங்க" என்றாள் முக்காலி. "உங்க அக்கா மனசு நோகக்கூடாதுன்னு தேக்கு வாங்கினீங்க. முந்தாநாள் அவங்க என்னைத் திருடின்னு சொன்னப்போ நீங்க ரெண்டடி தள்ளித்தான் நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். எனக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கல. அது உங்களுக்குத் தோணவே இல்ல."

தம்பியின் தலை இன்னும் தாழ்ந்தது.

ஆசிரியை முன்னால் வந்து முக்காலியின் கையைப் பிடித்தார். தாழ்ந்த குரலில், "மன்னிச்சிடுங்கம்மா. தெரியாமச் சொல்லிட்டேன்" என்றார்.

முக்காலி கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகமும் இளகவில்லை.

"அன்னைக்கு நீங்க இவ்வளவு மெதுவாப் பேசலீங்க. ரம்பம் ஓடிட்டிருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு மேல கத்தினீங்க. தெருவுல போனவங்ககூட நின்னு கேட்டாங்க."

செயலாளர் சங்கடமாகத் தொண்டையைக் கனைத்தார். "அதான் தெரிஞ்சுபோச்சே, முக்காலி. விடும்மா. சாவியை எடுத்துக்கோ."

"எடுத்துக்கறேன். அவங்க சொல்லட்டும்."

ஆசிரியை அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளைத் தப்பை ஒத்துக்கொள்ள வைத்தவர் அவர். சேலையைச் சரிசெய்துகொண்டு தச்சர்களைப் பார்த்துத் திரும்பினார். கடைசி மேஜைக்காரர் நிமிரும்படியாக அவர் குரல் எழுந்தது.

"முந்தாநாள் இந்த இடத்துல நின்னு இவங்களைத் திருடின்னு சொன்னேன். அது தப்பு. இவங்க எதையும் எடுக்கல. கொடுத்த மரத்துல ஒழுங்கா வேலை செஞ்சிருக்காங்க. விசாரிக்காமப் பேசினது நான். மன்னிச்சிடுங்க."

தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். முக்காலி தலையசைத்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும்."

"நான்... நான்தான் சொல்லிட்டேனே."

"உங்க அக்காகிட்டச் சொன்னீங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். உதவிக்குத்தான் பார்த்தார். ஆசிரியை அசையவில்லை. அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது முறை, இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ தெரியாது, அக்காவுடைய குரல் அவரிடமிருந்தும் வந்தது.

"கரையான் தின்னுடுச்சு. வீட்டைத் திறக்காம விட்டவன் நான். மரத்தை மாத்தினவன் நான். தெரிஞ்சும் சும்மா நின்னேன். இவங்க திருடல!"

முக்காலி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ரம்பத்தின் விசையைப் போட்டாள்.